வாழைக்காய் அண்ணாச்சி

விஜயஸ்ரீக்கு ஓர் ஆண் சிநேகிதம் இருக்கிறது என்று கண்டுபிடித்தபோது அம்மையப்ப பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. பரந்த மனசு என்று ஒன்றை வைத்துக்கொண்டு, அதை எடுத்துப் புழங்க வழியில்லாமல் பல வருசம் காத்திருந்த மனுசன். ஸ்ரீவைகுண்டத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மைக்கைப் பிடித்து விதவை மறுமணம், சாதி ஒழிப்பு, வரதட்சணைக் கொடுமை மூன்றையும் பேசி முடித்துவிட்டுத்தான் பந்திக்கு வருவார். அதற்குள் பாயசம் ஆறிப்போகும். தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டயரான பிறகு பேச்சு நீண்டதே தவிர, செய்து காட்ட ஒரு விதவை அகப்படவில்லை. கடைசியில் பார்த்தால் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருந்திருக்கிறாள்.

விஜயஸ்ரீ அவருடைய தம்பி மகேஷின் மனைவி. மகேஷ் போய் எட்டு வருசம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது. திரும்பிப் போகலாம் என்றால் தாய்வீட்டிலும் யாரும் மிச்சமில்லை. அதனால் மருமகளாக வந்த வீட்டிலேயே அம்மையப்ப பிள்ளையோடும் அவர் மனைவி உலகம்மாளோடும் இருந்துகொண்டாள். விடியுமுன் எழுந்தால் படுக்கிறவரை அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உலகம்மாள் ஒரு வேலையைச் சொல்லி வாய் மூடுமுன் அந்த வேலை முடிந்திருக்கும். தெருவில் எல்லோரும் அவளை ஒரு சொக்கத்தங்கம் என்றார்கள். தங்கமோ பித்தளையோ, அவள் ஓடியதற்குக் காரணம் குணம் இல்லை, பயம். இந்த வீட்டில் தன்னை வெளியே போகச் சொல்லும் நாள் ஒன்று வரும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு, 'வேலைக்காகவாவது இவள் இருந்துவிட்டுப் போகட்டும்' என்று இவர்களுக்குத் தோன்ற வேண்டும். அதற்குத்தான் அத்தனை ஓட்டமும்.

அம்மையப்ப பிள்ளை துப்பறிந்த விதம் இது. தினமும் ராத்திரி டி.வி.யில் செய்தி ஓடும்போது விஜயஸ்ரீயின் போன் இரண்டு தடவை அடித்து நின்றுவிடும். உடனே அவள் போனை எடுத்து, அவளும் இரண்டு அடி அடித்துவிட்டு வைத்துவிடுவாள். திரையில் 'வாழைக்காய் அண்ணாச்சி' என்று வரும். மகேஷ் விட்டுப்போன அரை ஏக்கர் வாழை கால்வாய்க் கரையில் இருக்கிறது. வாழை இருந்தால் யாவாரி போன் அடிப்பான், இதில் என்ன அதிசயம் என்று இத்தனை காலம் அவரும் சும்மா இருந்தார். இந்த வருசம் சித்திரையில் ஒரு சூறைக்காற்று வந்து அத்தனை வாழையையும் படுக்கப்போட்டுவிட்டுப் போனது. தோட்டத்தில் ஒரு காய் கிடையாது. அண்ணாச்சியின் போன் மட்டும் நிற்கவில்லை.

காயே இல்லாத தோட்டத்துக்கு எந்த யாவாரி தினமும் போன் அடிப்பான்? அதுவும் மிஸ்டு கால். மணிக்கணக்காகப் பேசினாலும் தனியாகக் காசு கிடையாது என்று ஆகிவிட்ட காலத்தில், பேசாமல் மணியை மட்டும் அடித்துவிட்டு வைக்கிறவன் காதலனாகத்தான் இருக்க முடியும். அம்மையப்ப பிள்ளை கணக்குப் போட்டு முடித்து, மறுநாள் காலைப் பலகாரத்தின்போது விஷயத்தை எடுத்தார்.

"விஜயா, இங்கன வாம்மா. உக்காரு."

விஜயஸ்ரீ சட்னிக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"அந்த வாழைக்காய் அண்ணாச்சி யாரும்மா?"

"யாவாரி, அத்தான்."

"யாவாரி சரி. தோட்டத்துலதான் காயே இல்லியே."

அவள் அவர் தட்டில் சட்னியை ஊற்றினாள்.

"பயப்படாத. நான் அந்தக் காலத்து ஆளு இல்ல. உனக்கும் ஒரு வாழ்க்கை வேணும்லா? முறையா பேசி முடிச்சுருவோம். அவுக எந்த ஊரு?"

விஜயஸ்ரீ எட்டு வருசமாகப் பொய் சொல்லுகிறவள். ஆனால் ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியவள். புதுக் கேள்வி வந்ததும் வாய் உண்மையைக் கக்கிவிட்டது.

"மேலப்பாளையம்."

அம்மையப்ப பிள்ளை தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார். "பாய்மாரா?" என்றார். அவள் தலையைக் குனிந்தாள். அவர் இன்னும் கொஞ்சம் குடித்தார்.

அடுக்களையில் இருந்து உலகம்மாள் வந்தாள். குளித்து முழுகாமல் அடுப்பைத் தொடாத ஆசாரக்காரி, நாக்கில் எப்போதும் ஒரு குத்தூசி வைத்திருக்கிறவள். "போச்சு, இவ போயிட்டா மாவு யாரு ஆட்டுவா?" என்றாள்.

"ஒரு பொண்ணோட வாழ்க்கையப் பத்திப் பேசுதேன். உனக்கு மாவு பெருசா போச்சு."

"ஆமா, பெருசுதான். நீங்க ஆட்டுதீகளா?"

அன்று முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை. சாதி ஒழிப்பு வரைக்கும் எத்தனையோ மேடை ஏறியவர், அதற்கு மேல் ஒரு படி இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் ஏறிவிட்டார். "மதம் ஒரு தடையில்லம்மா" என்று அறிவித்துவிட்டு, ஏதோ ஒரு பாட்டைப் பாதிவரை சொல்லி, மீதி மறந்துபோய் நிறுத்தினார். விஜயஸ்ரீ அடுக்களைக்குள் புகுந்துகொண்டாள். திட்டுகிறவனிடம் இருந்து தப்பிக்க ஆயிரம் வழி உண்டு, நல்லது செய்தே தீருவேன் என்று நிற்கிறவனை என்ன செய்வது!

வாழைக்காய் அண்ணாச்சியின் நிஜப் பெயர் ரைஹானத். மேலப்பாளையத்தில் மூன்று பிள்ளைகளுக்குத் தாய், கைலிக் கடை ஹபீப் முகம்மதுவின் மனைவி. மகேஷ் சாகும்போது அவனுக்கு எச்.ஐ.வி. இருந்தது என்று விஜயஸ்ரீயிடம் மட்டும்தான் சொன்னார்கள். அவள் வீட்டுக்கு வந்து மஞ்சக்காமாலை என்றாள். பிறகு தனக்கும் பார்த்தாள், இருந்தது. சொந்த ஊர்ப் பக்கம் மருந்து வாங்கினால் தெரிந்த முகம் ஒன்று எதிரே வரும் என்று, ரயிலேறி திருநெல்வேலி போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து வாங்க ஆரம்பித்தாள். அங்கே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரைஹானத், "புதுசா? முதல் மாசம் தலை சுத்தும். பயந்து நிறுத்திராத" என்றாள். அப்படி ஆரம்பித்த பழக்கம்.

இரண்டாம் சனிக்கிழமைகளில் ஒரு பத்துப் பெண்கள் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு மாடி அறையில் கூடுவார்கள். மாத்திரையைப் பற்றிப் பேசுவார்கள், மாத்திரையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி இன்னும் அதிகம் பேசுவார்கள். ரைஹானத் வீட்டில் இருந்து முட்டை அவித்துக்கொண்டு வருவாள். உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆளுக்கொன்று தின்றே ஆக வேண்டும் என்பது அவளுடைய சட்டம். சைவப் பிள்ளைமார் வீட்டில் பிறந்து, அப்படிப்பட்ட வீட்டிலேயே வாழ்க்கைப்பட்ட விஜயஸ்ரீ, கண்ணை மூடிக்கொண்டு மிளகுப்பொடி தூவித் தின்பாள். நோயை விட முட்டை வெளியே தெரிந்துவிடுமோ என்கிற பயம்தான் சில நாள் அதிகமாக இருக்கும்.

ராத்திரி இரண்டு மணியடிப்பும் ரைஹானத்தின் ஏற்பாடுதான். அங்கிருந்து அடித்தால் 'போட்டாச்சா?' இங்கிருந்து அடித்தால் 'போட்டாச்சு.' பெயரை யாவாரிப் பெயராகப் பதிந்துகொள்ளச் சொன்னதும் அவள்தான். "தினமும் ஒரு பொம்பளை பேரு வந்தா, யாரு அவ, என்ன சேதின்னு கேப்பாக. யாவாரின்னா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாக." அப்படி அந்தக் கூட்டத்தில் பத்துப் பேரும் அண்ணாச்சி ஆகிவிட்டார்கள். செல்லக்கிளி வைக்கோல் அண்ணாச்சி. ரைஹானத்தின் போனில் விஜயஸ்ரீ மிளகாய்ப்பொடி அண்ணாச்சி. பொம்பளையின் போனில் ஆம்பளை பேர் தினமும் வந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று பத்துப் பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளைகள்.

இதைச் சாதாரண மணியடிப்பு என்று நினைக்கக் கூடாது. முதல் வருசம் ஒருநாள் விஜயஸ்ரீக்கு எல்லாம் வெறுத்துப்போய், மாத்திரையை நிறுத்திவிட்டாள். பதில் மணி போகவில்லை. மறுநாள் ரைஹானத் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் இறங்கி நின்று போன் அடித்தாள். "நீ வாரியா, நான் உன் வீட்டுக்கு வரட்டா?" விஜயஸ்ரீ ஓடினாள். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதார்கள், சுக்குக்காபி குடித்தார்கள், விஜயஸ்ரீ மாத்திரையை விழுங்கினாள். இன்று உயிரோடு நின்று சட்னி அரைக்கிறாள் என்றால் அதனால்தான்.

அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில் விஜயஸ்ரீ தன் கல்யாணச் சேதியைச் சொன்னபோது மற்ற எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரைஹானத்துக்குப் புரையேறிவிட்டது. "யா அல்லாஹ், என்னயக் கட்டிக்கிட வாரியா? சீதனம் என்ன தருவ?"

"சிரிக்காத. அவுக விட மாட்டாக."

"அப்போ உள்ளதச் சொல்லிரு. வீட்டுல ஒரு ஆளுக்காவது தெரியணும் புள்ள. எத்தன நாள் இப்பிடிப் பயந்து சாவ?"

விஜயஸ்ரீ செல்லக்கிளியைப் பார்த்தாள். செல்லக்கிளி சொல்லிப் பார்த்தவள். சொன்ன மறுநாள் அவளுக்குத் தனித் தட்டு வந்தது, அடுத்த வாரம் தனிப் பாய், அதற்கடுத்து ஒரு ஆட்டோ வந்தது. ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. முட்டையை யாரும் தொடவில்லை.

அதற்குள் இங்கே அம்மையப்ப பிள்ளை, சார்ஜில் கிடந்த போனில் இருந்து எண்ணை எடுத்து வைத்திருந்தார். திங்கட்கிழமை காலை கூப்பிட்டார். ரைஹானத் குளித்துக்கொண்டிருந்தாள். ஹபீப் முகம்மது எடுத்தார்.

"வாழைக்காய் அண்ணாச்சிங்களா?"

ஹபீப் முகம்மதுவுக்கு மனைவி முன்பே சொல்லி வைத்திருந்தாள், யாராவது அப்படிக் கேட்டால் ஆமா என்று மட்டும் சொல்லுங்கள் என்று. சொன்னதைச் செய்கிறவர். "ஆமா" என்றார்.

"எங்க விஜயஸ்ரீய உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியாம என்ன? நல்ல பிள்ளை. தினமும் போன் வந்துரும்."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"அல்லாஹ் கிருபையில மூணு பிள்ளைக."

அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வாரும். பேசணும்" என்று வந்தது. 'வாங்க' அல்ல, 'வாரும்.' ஹபீப் முகம்மது அதைக் கவனிக்கவில்லை. கடை மதியம்தான் திறப்பேன், காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, குளித்து வந்த மனைவியிடம், "ஒரு நல்ல மனுசன் நம்மள விருந்துக்குக் கூப்பிட்டிருக்காரு" என்றார். ரைஹானத் விவரம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். இனி போகாமல் இருந்தால் சந்தேகம் கூடும். நானும் வருகிறேன், வாழைக்காய் யாவாரியும் பெஞ்சாதியும் என்று காட்டிவிட்டு, விலைதான் பேசினோம் என்று முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டாள். விஜயஸ்ரீ போனிலேயே, "வெலயத் தினமும் ரெண்டு மணியடிச்சா பேசுவாக?" என்று கேட்டாள். 

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஹபீப் முகம்மது வெள்ளைச் சட்டையில் அத்தர் மணக்க நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் ரைஹானத். முதல் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறானே என்று அம்மையப்ப பிள்ளை மலைத்துப்போனார். விதவை மறுமணம், சாதி, மதம் எல்லாம் ஏறியாயிற்று, இப்போது இரண்டாம் தாரம் என்றொரு படி. அவருக்கு மூச்சு வாங்கியது.

"உமக்கு எந்த ரகம் யாவாரம்? ஏத்தனா, சக்கையா, கோழிக்கூடா?" என்று வாழை ரகங்களை அடுக்கி ஆரம்பித்தார்.

ஹபீப் முகம்மது பிறந்ததில் இருந்து கைலியைத் தவிர வேறு எதையும் விற்றதில்லை. "எல்லா ரகமும் உண்டு அண்ணாச்சி. பெருசு, சின்னது, ரெண்டு சைஸும். சாயம் போகாது" என்றார்.

விஜயஸ்ரீ கதவோரத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீர் வாழைக்காய் யாவாரியே இல்ல!" அம்மையப்ப பிள்ளை எழுந்துவிட்டார். "மூணு பிள்ளைக்குத் தகப்பன், பொய்ப் பேரு வச்சிக்கிட்டு எங்க வீட்டுப் பிள்ளைய ஏமாத்துதீரு. நான் பரந்த மனசுக்காரன்தான், ஏமாளி இல்ல. நாளைக்கே உங்க ஜமாத்துக்கு வாரேன். நாலு பேரு முன்னால நிறுத்திக் கேப்பேன், அந்தப் போன்ல தினமும் என்ன சேதின்னு!"

ரைஹானத் புருசன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜமாத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதில் வெளியே வந்தால் கடை போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும், வாடகை வீடு போகும். அன்றைக்குத் தன்னைப் பிளாட்பாரத்தில் இருந்து உயிரோடு வீட்டுக்கு அனுப்பிய ஒரே காரணத்துக்காக இவள் நடுத்தெருவில் நிற்க வேண்டுமா? விஜயஸ்ரீக்கு அதுவரை இருந்த பயம் போய் ஆத்திரம் வந்தது.

"அத்தான், ஒரு ஜமாத்துக்கும் போகாண்டாம். அண்ணாச்சின்னு யாரும் இல்ல. இந்தா, இவதான் எனக்குப் போன் அடிக்கா. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. எட்டு வருசமா மாத்திரை திங்கேன். அன்னைக்கு மாத்திரைய முழுங்கிட்டனான்னு கேக்கத்தான் அந்த மணி. உங்க தம்பிகிட்ட இருந்து எனக்கு வந்தது."

"எனக்கும் இருக்கு" என்றாள் ரைஹானத்.

"எனக்கும்" என்றார் ஹபீப் முகம்மது, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிறவர்போல.

"மஞ்சக்காமாலைன்னுல்லா சொன்ன?" என்றார் அம்மையப்ப பிள்ளை.

"நான்தான் சொன்னேன்."

அவர் தொப்பென்று உட்கார்ந்தார். "ஏம்மா, எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? என் மனசு உனக்குத் தெரியாதா? நான் அப்பிடிப்பட்ட ஆளா?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளினார். தள்ளியது அவருக்குத் தெரியவில்லை. மற்ற எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு தரையைப் பார்த்தபடி, "இதுக்கு அந்த அண்ணாச்சியே இருந்திருக்கலாமே" என்றார்.

விஜயஸ்ரீ வாசலைப் பார்த்தாள். ஆட்டோவை எந்தப் பக்கம் நிறுத்துவார்கள் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. துணிமணி ஒரு பைக்குள் அடங்கிவிடும்.

அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற உலகம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்போ இவ கல்யாணம் கட்டிக்கிட்டுப் போகல்லியா?"

"இல்லக்கா."

"மேலப்பாளையத்துக்குப் போகல்லியா?"

"நான் எங்கயும் போகல்லக்கா."

"அப்பாடா" என்று உலகம்மாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பத்து நாளா பொட்டுத் தூக்கம் இல்ல எனக்கு. இவுகளுக்கென்ன, பேசிட்டுப் படுத்துருவாக. இத்தாப் பெரிய வீட்டுல இவுக பேச்ச நான் ஒத்தையில கேட்டுக்கிட்டு எப்பிடி இருப்பேன்?" பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ரைஹானத் பக்கம் திரும்பினாள். "ஏளா, இது ஒட்டுமா?"

"சோறு தண்ணியில ஒட்டாது மதினி. தொட்டாலும் ஒட்டாது. மாத்திரைய ஒழுங்கா திங்கவளுக்கு ஒரு கொறையும் இல்ல."

உலகம்மாள் யோசித்தாள். "எட்டு வருசமா இவ பொங்கினதத்தான் திங்கேன். ஒட்டுததா இருந்தா எப்பவோ ஒட்டியிருக்கணும்" என்றாள். கணக்கு அவளுக்குச் சரியாக வந்துவிட்டது. புருசனைப் பார்த்து, "நாற்காலிய ஏன் இழுத்துக்கிட்டுப் போறீக? இனி இழுத்து என்ன புண்ணியம்?" என்றாள்.

விஜயஸ்ரீக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்போல் இருந்தது. "அக்கா, இன்னொண்ணும் இருக்கு. மாசம் ஒருக்க இவ குடுத்து முட்டை தின்னேன்."

உலகம்மாள் எழுந்தே விட்டாள். "முட்டையா?"

"அவிச்ச முட்டை."

"குளிச்சிட்டுத்தானே அடுக்களைக்குள்ள வந்த?"

"குளிச்சேன்க்கா."

"படுபாவி! முட்டைய எங்கிட்ட மறைச்சிட்டியேட்டி!" என்று உலகம்மாள் அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். "எட்டு வருசம், ஒரே வீட்டுக்குள்ள, ஒத்தையில கிடந்து சீரழிஞ்சிருக்க. ஒரு வார்த்தை சொல்லல்லியே, நான் என்ன மரமா?" விஜயஸ்ரீ அவள் தோளில் முகத்தை வைத்து, வீடு அதிர அழுதாள். மகேஷ் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

ரைஹானத்தும் ஹபீப் முகம்மதுவும் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அம்மையப்ப பிள்ளை வாசல்வரை வந்தார், கும்பிட்டார், ஜமாத் என்ற சொல்லை எடுக்கவில்லை. மதியம் இலை போட்டபோது பசிக்கவில்லை என்றார். கல்யாணமான நாளில் இருந்து அவர் வாயில் அந்தச் சொல்லை உலகம்மாள் கேட்டதில்லை. "பசிக்காட்டா போங்க" என்று இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விஜயஸ்ரீக்கு அந்தச் சோறு ருசித்தது.

சாப்பிட்டுவிட்டு உலகம்மாள் உள்ளே போய்ப் படுத்தாள். விஜயஸ்ரீ அடுக்களைச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. வெயில் கொல்லைப் பக்கம் சாய்கிற நேரத்துக்கு அம்மையப்ப பிள்ளை வந்து அடுக்களை வாசல்படியில் நின்றார். பரந்த மனசு செய்ய முடியாததைப் பசி செய்திருந்தது.

"ரசம் இருக்காம்மா?" என்றார், அடுப்பைப் பார்த்து.

"இருக்கு அத்தான்."

அவர் நின்றார். இத்தனை வருசமும், அவர் அப்படி நின்று மூச்சு விடுமுன் தட்டு முன்னால் வந்திருக்கும். விஜயஸ்ரீயின் உடம்பு பழக்கத்தில் தானாகவே எழப் பார்த்தது. அவள் தரையில் கையை ஊன்றி அதை உட்காரவைத்தாள்.

"மூடி வச்சிருக்கேன். போட்டுச் சாப்பிடுங்க."

அவர் அவளைப் பார்த்தார். ரசச் சட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் தேடி எடுத்தார், கரண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார், அவள் சொன்னாள். சோற்றைப் பிசைந்து முதல் வாயை வாய் அருகே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தி, பிறகு தின்றார். அவர் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்கிறவரை அவள் நீட்டிய காலை மடக்கவில்லை.